ஒன்பது வயது டயர்

2013-ஆம் ஆண்டு நவம்பர் 30. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள சாண்டா கிளாரிடா என்ற ஊரில் ஒரு போர்ஷே கார் விளக்குக் கம்பத்திலும் மரங்களிலும் மோதித் தீப்பிடித்தது. காரில் இருந்த இருவருமே இறந்துவிட்டார்கள். ஓட்டியவர் கார் விஷயம் நன்றாகத் தெரிந்தவர். பக்கத்தில் இருந்தவர் அவருடைய நண்பர், 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' படங்களில் நடித்த பால் வாக்கர்.

இந்தச் செய்தி எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு வந்த விசாரணை முடிவைப் படித்தவர்கள் குறைவு. 2014 மார்ச்சில் போலீஸ் தரப்பு சொன்னது இதுதான்: காரில் இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை, விபத்துக்குக் காரணம் வேகம். மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாத சாலையில் 129 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் கார் போயிருக்கிறது. கூடவே இன்னொரு விஷயமும் இருந்தது. அந்தக் காரின் டயர்களுக்கு வயது ஒன்பது. அதனால் கார் சாலையைப் பிடித்து ஓடும் விதம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

டயர்தான் கொன்றது என்று நான் சொல்லவரவில்லை. விசாரணை செய்தவர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் 'ஒன்பது வயது' என்ற சொல் என்னை விடவில்லை. கார் 2005 மாடல். கணக்குப் பார்த்தால் கார் பிறந்த காலத்து டயர்கள். அவ்வளவு விலை உயர்ந்த காரில் டயரை மாற்றாமல் விடுவார்களா? மாற்றுவதென்றால் என்ன டயர் போடுவார்கள்? இதைத் தேடிப் போனதில் டயரின் வரலாறே கொஞ்சம் கைக்கு வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கார் பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கணக்கு அதிகம் இல்லை :)

முதலில் அந்தக் காரைப் பற்றி. பெயர் கரேரா ஜிடி. லு மான் பந்தயத்துக்கென்று போர்ஷே கம்பெனி ஒரு பத்து சிலிண்டர் எஞ்சினைத் தயார் செய்தது. பந்தயத் திட்டம் கைவிடப்பட்டது. எஞ்சின் மட்டும் மிஞ்சியது. அதை வைத்து ஒரு மாதிரிக் காரைக் கட்டி 2000-ல் பாரிசில் காட்டினார்கள். நல்ல வரவேற்பு. 2003-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத் தொழிற்சாலையில் தயாரிப்பு ஆரம்பம், 2006-ல் முடிவு. மொத்தம் 1,270 கார்கள்தான். 5.7 லிட்டர் எஞ்சின், 612 குதிரைத்திறன், எடை சுமார் 1,380 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர். உடல் கார்பன் ஃபைபர். கியரைக் கையால்தான் போடவேண்டும். கார் வழுக்கும்போது கம்ப்யூட்டர் குறுக்கிட்டு நேராக்குமே, அந்த ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இதில் கிடையாது. காரைச் சாலையோடு சேர்த்துப் பிடிப்பவை ஓட்டுநரின் கையும் காலும், நான்கு டயர்களும்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே.

இந்தக் காரின் பின் டயரின் பக்கச் சுவரில் 335/30 இசட்ஆர் 20 என்று எழுதியிருக்கும். முன் டயர் 265/35 இசட்ஆர் 19. டயர் மாற்றப் போகிற ஆள் கடையில் சொல்லவேண்டியது இதைத்தான். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்து கிடப்பதைப் பார்த்தாலே இதை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு எழுதவில்லை என்று புரிந்துவிடும். காலம் காலமாக ஒட்டுப் போட்டு வளர்ந்த வரி இது. ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு கதை உண்டு.

'ஆர்' என்ற எழுத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அது ரேடியல்.

ரேடியலுக்கு முன்னால் கார்களில் இருந்தது கிராஸ் பிளை. நம் ஊரில் நைலான் டயர் என்று சொல்வோமே, அந்த வகை. அதில் நூல் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகச் சாய்ந்து போகும். பக்கச் சுவருக்கும் தரையைத் தொடும் பகுதிக்கும் அதே அடுக்குகள்தான். உருளும்போது அடுக்குகள் ஒன்றோடொன்று உரசும், சூடு ஏறும். வளைவில் திரும்பும்போது பக்கச் சுவர் சாய்ந்தால் அடிப்பகுதியும் சேர்ந்து கோணும், தரையிலிருந்து ஒரு ஓரம் தூக்கிக்கொள்ளும். வேகம் கூடக்கூட இந்த இரண்டு தொல்லையும் கூடும்.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் பிரான்சின் மிஷெலின் கம்பெனியில் வேலை செய்த மாரியுஸ் மிக்னோல். அவர் எஞ்சினியரிங் படித்தவர் இல்லை, கம்பெனியின் அச்சகத்துக்கு வேலைக்கு வந்தவர் என்று படித்தபோது எனக்கு ஒரு தனி சந்தோஷம். டயரில் சூடு எங்கே பிறக்கிறது என்று பார்ப்பதற்காகப் பக்கச் சுவர் ரப்பரை எடுத்துவிட்டு, இடைவெளி விட்டுக் கம்பிகளை மட்டும் வைத்து ஒரு சோதனை டயர் செய்தார்கள். பார்ப்பதற்குக் கூண்டு மாதிரி இருந்ததால் அதற்கு 'ஈக்கூண்டு' என்று பட்டப்பெயர். குறுக்கு நூல் இல்லாமல், விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகக் கம்பி போனால் சூடு குறைகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. அதற்கு மேல், தரையைத் தொடும் பகுதிக்குக் கீழே, எஃகுக் கம்பியால் ஒரு பெல்ட் கட்டினார்கள். இப்போது பக்கச் சுவர் தன் பாட்டுக்கு வளையும், அடிப்பகுதி தன் பாட்டுக்குத் தட்டையாகத் தரையில் கிடக்கும். 1946-ல் காப்புரிமைக்கு விண்ணப்பம், 1949-ல் 'மிஷெலின் எக்ஸ்' என்ற பெயரில் விற்பனை. அப்போது சித்ரோன் கார் கம்பெனியே மிஷெலின் கையில் இருந்ததால் புது டயருக்குக் கார் தேடி அலையவேண்டிய அவசியம் இருக்கவில்லை. இத்தாலியின் பிரெல்லியும் 1950-களின் ஆரம்பத்தில் 'சின்டுராட்டோ' என்ற தன் ரேடியலோடு வந்துவிட்டது. அதில் பெல்ட் எஃகால் இல்லை, நூலால் ஆனது.

மாற்று டயர் வாங்குகிறவனின் தலைவலி ஆரம்பித்தது இங்கேதான். பழைய டயர் வழுக்குவதற்கு முன்னால் முனகும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடி விடும். ரேடியல் ரொம்ப தூரம் பிடித்துக்கொண்டே வந்து, அந்தக் காலத்துக் கார்களில் திடீரென்று விட்டுவிடும். இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. காசு மிச்சம் பிடிக்கிற ஆள் இரண்டு ரேடியல் மட்டும் வாங்கி முன்னால் மாட்டிவிட்டு, பின்னால் பழைய டயரையே விட்டுவைத்தால்? முன் சக்கரம் வளைவில் பிடித்துத் திரும்பும், பின் சக்கரம் தாங்காமல் வெளியே ஓடும், கார் பம்பரமாகச் சுற்றும். இந்தச் சேர்க்கையைப் பிரிட்டன் சட்டம் போட்டே தடுத்தது. முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ் பிளை கூடாது. 'நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும்' என்று இன்றைக்கு டயர் கடைக்காரர் சொல்லும் அறிவுரையின் வேர் இந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது அந்த 30, 35 என்ற எண். 1963-ல் போர்ஷே 911 வெளியே வந்தபோது அதன் டயர் அகலம் 165 மில்லிமீட்டர். எஞ்சினோ பின் அச்சுக்கும் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் முன்னால் வந்துவிடும். ஆரம்பத்தில் முன் பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்துக்கூடச் சமாளித்துப் பார்த்திருக்கிறார்கள்! 1969 மாடலில் பின் சக்கரத்தை 57 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினார்கள். பிறகு எஞ்சின் சக்தியும் ஏறிக்கொண்டே போக, அதற்குத் தோதான டயர் தேவைப்பட்டது.

அந்த டயர் ராலி பந்தயத்திலிருந்து வந்தது. லான்சியா ஸ்ட்ராடோஸ் என்ற பந்தயக் காருக்காக 1970-களின் நடுவில் பிரெல்லி செய்த 'பி7'. பக்கச் சுவரைப் பாதியாகக் குறைத்தார்கள். எஃகு பெல்ட்டின் மேல் நைலான் நாடாவை டயரின் சுற்றளவோடு நேராகச் சுற்றினார்கள். அதிவேகத்தில் டயர் வெளிப்பக்கம் விரிந்து பிய்ந்துபோகாமல் அந்த நாடா கட்டிப்பிடிக்கும். 911 டர்போவுக்கு அது நன்றாகப் பொருந்தியது. 1978-ல் வந்த லம்போர்கினி கவுன்டாச் எல்பி400 எஸ் காரில் பின் டயர் 345/35, ரிம் 15 அங்குலம். பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் பார்த்த அந்தக் காரின் பருத்த பின்பக்கத்தை நினைவிருக்கிறதா? அந்த உருவமே பி7 டயரைச் சுற்றித்தான் வந்தது.

இப்படிக் காரும் டயரும் சேர்ந்தே உருவாவதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. கார் நாற்பது வருடம் இருக்கும். டயர் மாடல் அத்தனை வருடம் இருக்காது. மிஷெலின் 1975-ல் 'டிஆர்எக்ஸ்' என்று ஒரு டயர் கொண்டுவந்தது. நல்ல டயர்தான். ஆனால் ரிம் அளவை அங்குலத்தில் வைக்காமல் மில்லிமீட்டரில், 390, 415 என்று வைத்தார்கள். வழக்கமான அங்குல டயர் அந்த ரிம்மில் உட்காராது. பெராரி 512 பிபிஐ வரைக்கும் அதைப் போட்டார்கள். உலகம் அங்குலத்தை விடவில்லை, டிஆர்எக்ஸ்தான் ஒதுங்கிப்போனது. அந்தக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு செய்ய அதிகம் ஒன்றும் மிஞ்சவில்லை. கிடைப்பதை வாங்கு, அல்லது ரிம்மையே மாற்று. இதே கதை 2005-ல் புகாட்டி வேரானில் திரும்ப நடந்தது. மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டும் அந்தக் காருக்கு மிஷெலினின் 'பாக்ஸ்' முறை டயர், பின்னால் 365/710 ஆர் 540 என்று யாருக்கும் பழக்கமில்லாத அளவு. ஒரு செட் டயரின் விலையில் நல்ல கார் ஒன்றே வாங்கலாம். அடுத்து வந்த ஷிரான் காரில் புகாட்டியே அதைக் கைவிட்டு வழக்கமான டயருக்குத் திரும்பிவிட்டது.

அடுத்து 'இசட்'. இது வேகத்தைக் குறிக்கும் எழுத்து. ஐரோப்பாவில் முதலில் மூன்றே வகைதான். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை, எச் என்றால் 210 வரை, வி என்றால் அதற்கு மேல். பிறகு கார்கள் பெருகப் பெருக நடுவில் எழுத்துகளைச் செருகினார்கள். டி 190, யு 200. அதனால்தான் இன்றைக்கும் வரிசை எஸ், டி, யு, எச், வி என்று போகிறது. எச் ஏன் யு-வுக்கும் வி-க்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது கேட்டால் இதுதான் பதில். வி-யை 240-ல் நிறுத்தினார்கள். அதற்கு மேல் போகும் டயர்களுக்கெல்லாம் அகரவரிசையின் கடைசி எழுத்து. இதற்கு மேல் எங்கே போகப்போகிறது என்று நினைத்திருப்பார்கள் போல. போனது! 270-க்கு டபிள்யூ, 300-க்கு ஒய் என்று பின்னோக்கி வந்து எழுத்து தேடவேண்டியதாயிற்று. 300-க்கும் மேலே என்றால் ஒய்-ஐ அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். ஆக, வெறும் இசட் மட்டும் இருந்தால் '240-க்கு மேல்' என்பதைத் தவிர எதுவும் தெரியாது, எவ்வளவு மேல் என்று டயர் கம்பெனியைத்தான் கேட்கவேண்டும். 330 போகும் காருக்கு மாற்று டயர் வாங்குபவன் கவனிக்கவேண்டிய எழுத்து இந்த ஒய்.

போர்ஷே காருக்கு இன்னொரு சின்னக் குறியும் உண்டு. என்0, என்1, என்2 என்று பக்கச் சுவரில் இருக்கும். போர்ஷேவின் எஞ்சினியர்கள் அந்தக் காரில் மாட்டிச் சோதித்து ஒப்புக்கொண்ட டயர் என்பதற்கான முத்திரை. முதலில் ஒப்புக்கொண்ட வடிவம் என்0, அதைத் திருத்தினால் என்1. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே அளவு டயர் என்றாலும் இந்தக் குறி உள்ளதும் இல்லாததும் உள்ளே வேறாக இருக்கலாம். பிஎம்டபிள்யூவுக்கு ஒரு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ என்று மற்றவர்களும் இப்படி வைத்திருக்கிறார்கள். இது வியாபாரத் தந்திரம் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் முன்னால் ஒரு அகலம், பின்னால் ஒரு அகலம், நடுவில் கனத்த எஞ்சின் என்று இருக்கும் காரில் முன் டயரும் பின் டயரும் ஒரே கணக்கில் பிடி விடவேண்டும். அதைத் தனித்தனியாக வாங்கி நாமே சமன் செய்யமுடியாது. ரேடியலும் கிராஸ் பிளையும் கலந்த காலத்துப் பாடம்தான் இது.

இதுவரை சொன்ன எல்லாம் பெரிய எழுத்தில், பார்த்தவுடன் தெரியும்படி இருப்பவை. கடைசியாக ஒன்று இருக்கிறது. சின்ன எழுத்தில், ஒரு நீள்வட்டத்துக்குள், நான்கு இலக்கம். அமெரிக்காவின் டிஓடி குறியீட்டின் வால் அது. 2304 என்று இருந்தால் 2004-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர்.

இந்த எண் வாங்குபவருக்காகப் பிறந்ததே இல்லை. பழுதான டயர் விற்பனைக்குப் போய்விட்டால் எந்தத் தொழிற்சாலையில், எந்த வாரம் செய்தது என்று கண்டுபிடித்துத் திரும்ப அழைப்பதற்காக ஏற்பட்டது. 2000-க்கு முன்னால் மூன்றே இலக்கம்தான், இரண்டு வாரத்துக்கு, ஒன்று வருடத்துக்கு. '234' என்றால் 1984-ஆ, 1994-ஆ? தெரியாது. பத்து வருடம் ஒரு டயர் ஓடாது என்று நினைத்திருக்கவேண்டும். 1990-களின் டயர்களில் சின்ன முக்கோணம் ஒன்றைப் பக்கத்தில் போட்டுச் சமாளித்தார்கள். 2000-லிருந்துதான் நான்கு இலக்கம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் கார்களின் டயர்கள் ஓட்டத்தில் உரிந்து கார் கவிழ்ந்த விவகாரத்தில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது. அப்போது ஜனங்கள் தங்கள் டயரில் இந்த எண்ணைத் தேடினார்கள். முழு எண் ஒரு பக்கச் சுவரில் இருந்தால் போதும் என்பது அந்தக் காலத்து விதி. அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டியிருந்தால்? காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துத்தான் பார்க்கவேண்டும். இதன் பிறகுதான் அதை வெளிப்பக்கம் போடச் சொல்லி விதி மாறியது.

சரி, வயதானால் டயருக்கு என்ன ஆகும்? ரப்பர் ஒரு ரசாயனப் பொருள். பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதில் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகிறது என்று 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். நம் ஊர் பஞ்சர் கடைப் பலகையில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருப்பது அந்தக் கண்டுபிடிப்பின் பெயர்தான். ரப்பரின் நீண்ட இழைகளுக்கு நடுவே கந்தகம் பாலம் கட்டுகிறது. தொழிற்சாலையை விட்டு வந்த பிறகும் ரப்பருக்குள் மாற்றம் நிற்பதில்லை. சூடும் ஆக்சிஜனும் மேலும் மேலும் இழைகளைப் பிணைத்து ரப்பரை விறைப்பாக்குகின்றன. டயருக்குள் அழுத்தி அடைத்த காற்றே உள்ளிருந்து வேலை செய்கிறது. வெளியே ஓசோன் வெடிப்பு உண்டாக்குகிறது. இதைத் தடுக்க டயரில் சில ரசாயனங்களைக் கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து நெளியும்போது அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து காவல் காக்கும்.

அப்படியானால் ஓடாமல் நிற்கிற காரின் டயரில் அந்தக் காவல் சரியாக நடக்காது. எனக்கு இதுதான் முக்கியமான இடமாகப் பட்டது. தினமும் ஆபீசுக்கு ஓடும் காரில் டயர் மூன்று நான்கு வருடத்தில் தேய்ந்துவிடும். மொட்டை டயர் யார் கண்ணிலும் படும், மாற்றியே ஆகவேண்டும். விலை உயர்ந்த காரோ வருடத்தில் சில நாள்தான் வெளியே வரும். ஒன்பது வருடமானாலும் பள்ளங்கள் ஆழமாக இருக்கும். பார்க்கப் புதுசு. தொட்டுப் பார்த்தாலும் கறுப்பாகப் பளபளவென்று இருக்கும். பிடி மட்டும் இருக்காது. பிடி அதிகம் வேண்டும் என்பதற்காகவே கலவை செய்த டயரில் அந்த இழப்பு இன்னும் பெரிது. தேய்மானத்தை அளக்கும் கருவி இந்த விஷயத்தில் பொய் சொல்லும். அந்த நான்கு இலக்கம்தான் உண்மை சொல்லும்.

இது பணக்காரர்களின் கார்களோடு போகிற விஷயமும் இல்லை. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் வைட் தீவில் நடந்த ஓர் இசை விழாவுக்குப் போன இளைஞர்கள் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சர்ரேயில் ஹைண்ட்ஹெட் அருகே முன் டயர் வெடித்து பஸ் மரத்தில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது பத்தொன்பதுக்கு மேல். பஸ்ஸைவிட டயருக்கு வயது அதிகம்! டிரெட் சட்டம் கேட்ட அளவு இருந்தது, வயதைச் சட்டம் கேட்கவே இல்லை. இறந்த பையன் ஒருவரின் தாய் வருடக்கணக்காகப் போராடினார். 2021 பிப்ரவரி முதல் பிரிட்டனில் லாரி, பஸ்களின் முன் அச்சில் பத்து வயதுக்கு மேற்பட்ட டயர் கூடாது என்று சட்டம் வந்தது. கார்களுக்கு அது பொருந்தாது. ஆறு வருடத்தில் மாற்று என்று சொல்லும் கார் கம்பெனிகள் உண்டு. டயர் கம்பெனிகள் பொதுவாகப் பத்து வருடத்தைக் கடைசி எல்லையாகச் சொல்கின்றன. இடைப்பட்ட நான்கு வருடத்தை அவரவர் மனசாட்சிக்கு விட்டிருக்கிறார்கள்.

மறுபடி கரேரா ஜிடிக்கு வருவோம். அதன் முதல் டயர் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 2, என்0 குறியோடு. காலம் போகப்போக அந்த மாடல் பழசாகிவிட்டது. உரிமையாளருக்கு இரண்டு வழி. முத்திரை உள்ள பழைய வடிவத்தையே தேடிப் பிடிப்பது, அல்லது முத்திரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று புதிய தலைமுறை டயரைப் போடுவது. முதல் வழியில் கடை அலமாரியில் எத்தனை வருடம் கிடந்ததோ என்ற பயம். இரண்டாவதில் கார் எப்படி நடந்துகொள்ளும் என்ற பயம். இரண்டுமே வேண்டாம் என்று ஷெட்டில் நிறுத்திவைப்பவர்களும் இருந்திருப்பார்கள். 1,270 கார்களுக்காக ஒரு டயர் கம்பெனி புதிதாக அச்சு செய்து சோதனை செய்வது லாபம் தரும் வேலை இல்லை. ஆனாலும் செய்தார்கள். 2013-ல் இந்தக் காருக்கென்றே மிஷெலின் பைலட் சூப்பர் ஸ்போர்ட் வந்தது. அதை உருவாக்குவதில் பழைய ராலி சாம்பியன் வால்டர் ரோல் உதவினார். கார் புதிதாக இருந்தபோதும் அதை ஓட்டிப் பழக்கியவர் அவர்தான்.

பிறகு 2024-ல் இன்னொன்று, பைலட் ஸ்போர்ட் கப் 2. அந்த டயரோடு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்கு வளையத்தில் ஓடினார்கள். அந்தப் பாதை சுமார் 20 கிலோமீட்டர், எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள். இருபது வருடம் முன்பு புதுக் காரில் ரோல் எடுத்துக்கொண்ட நேரம் 7 நிமிடம் 28 வினாடி சொச்சம். 2024-ல் யோர்க் பெர்க்மைஸ்டர் ஓட்டி 7 நிமிடம் 12.69 வினாடியில் முடித்தார். எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டவில்லை. ஓட்டுநர் வேறு, பாதையின் தளமும் இருபது வருடத்தில் மாறியிருக்கும், அதையெல்லாம் கழித்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் 16 வினாடி என்பது சாதாரணம் இல்லை. அதில் பெரும்பங்கு ரப்பருடையது.

இதைத் தலைகீழாக யோசித்துப் பாருங்கள். நல்ல டயர் அதே காருக்கு இவ்வளவு கொடுக்கும் என்றால், விறைத்துப்போன டயர் அதே காரிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டிருக்கும்?

புதிதாக வந்தபோது அமெரிக்காவில் சுமார் 4,40,000 டாலருக்கு விற்ற கரேரா ஜிடி இப்போது பத்து லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. இந்த மாதிரிக் கார்களின் ஏல அறிவிப்புகளைச் சும்மா எடுத்துப் படித்துப் பார்த்தேன். எஞ்சின், நிறம், ஓடிய தூரம் எல்லாம் வழக்கம்போல இருக்கின்றன. டயர் பற்றிய வரியில் கம்பெனி பெயருக்குப் பக்கத்தில், எந்த ஆண்டில் செய்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். சில அறிவிப்புகளில் அந்த நீள்வட்டத்தை மட்டும் கிட்டத்தில் வைத்து எடுத்த படமும் இருக்கிறது, நான்கு டயருக்கும் தனித்தனியாக. இல்லாவிட்டால் கீழே முதல் கேள்வியே 'டயர் எந்த வருஷம்?' என்று வந்து நிற்கிறது.